கொங்குக் கல்லின் கதை – 14: ஏட்டில் ஏறாத பாறை

காங்கேயத்துக்கும் திருப்பூருக்கும் நடுவே இருக்கிறது படியூர். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். போன இரண்டு பகுதிகளில் கொடுமணல் பட்டறைகளைச் சுற்றி வந்தோமே, அங்கே பட்டை தீட்டப்பட்ட கற்களில் ஒன்றான கடல்நிறப் பெரில் கல்லுக்குப் பேர்போன ஊர் இது. ரோமாபுரிக்காரர்கள் ஆசைப்பட்டு வாங்கிய கல். அதற்குப் பின் நெடுங்காலம் படியூரைப் பற்றிப் பேச்சு மூச்சில்லை. 1819-20இல் மறுபடி தலை காட்டுகிறது. ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கம்பெனி அதிகாரி அங்கே கல் எடுக்கிறார். கணக்கு: 2,196 கற்கள், மதிப்பு 1,201 பவுன்.

இந்த ஹீத் லேசுப்பட்ட ஆள் இல்லை. பின்னாளில் சேலத்து இரும்புக்கல்லை நம்பிப் பரங்கிப்பேட்டையில் ஆலை வைத்தார். அது தள்ளாடியது. ஷெஃபீல்டுக்குப் போய், எஃகில் மாங்கனீஸ் சேர்க்கும் வித்தைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். கடைசிக் காலம் வழக்கிலேயே கரைந்தது. அவருக்கென்று தனிப் பகுதி வரும்.

இப்போதைக்கு எனக்கு வேண்டியது அந்த இரண்டு எண்கள். படியூரைப் பற்றி நான் படித்த குறிப்புகள் எல்லாம் அவற்றைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்கின்றன. கல் எத்தனை, காசு எவ்வளவு. கல் இருந்த நாளம் எந்தத் திசையில் ஓடியது, எத்தனை அடியில் தட்டுப்பட்டது, எந்தப் பாறையை ஒட்டி இருந்தது என்று கேட்டால் அவை வாய் திறப்பதில்லை. விற்கிற பொருளுக்குக் கணக்கு இருக்கிறது. அது கிடந்த வீட்டுக்குக் கணக்கு இல்லை.

கொங்கின் பாறைக் கதை முழுக்க இந்தக் குறை ஓடுவதை நான் பார்க்கிறேன். தோண்டுவதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. எஃப். ஏ. நிக்கல்சன் 1887இல் வெளியிட்ட கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டைப் புரட்டினால், கிணறுகளுக்கு எவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறார் என்று தெரியும். மழை குறைந்த நாடு, ஆறும் எல்லா ஊருக்கும் எட்டாது. ஆகவே கீழே போனார்கள். செம்மண், சரளை, சுக்கான்பாறை, அதற்குக் கீழே கருங்கல். கடப்பாரை நின்ற இடத்தில் சம்மட்டி, சம்மட்டி நின்ற இடத்தில் வேட்டு. கவலை ஓட்டிய காலத்திலேயே கல்லுக்குள் இறங்கிவிட்ட கிணறுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. கிணறு வெட்டியவருக்குத் தன் காட்டுப் பாறை எங்கே வெடித்திருக்கும், எங்கே வெங்கச்சான் கல் கோடு போட்டு ஓடும், எந்தப் பக்கம் ஊற்று வரும் என்பது தெரியும். அது அவரோடு வந்தது, அவரோடு போயிற்று.

பாறையை எழுத்தில் கொண்டுவந்தவர்கள் வெளியிலிருந்து வந்தார்கள். 1851இல் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் வில்லியம் கிங், ராபர்ட் புரூஸ் ஃபூட் இருவரும் சேலம், திருச்சிராப்பள்ளி வட்டாரங்களை நடந்தே அளந்து 1864இல் அறிக்கை வெளியிட்டார்கள். (ஃபூட்டைத் தமிழர்கள் பல்லாவரத்துக் கற்கோடரிக்காக நினைவு வைத்திருக்கிறோம். அவர் செய்த சம்பளத்து வேலை இது.) சேலத்து வெள்ளைக்கல் குன்றுகளை மிடில்மிஸ் 1896இல் விவரித்தார். அதைச் சுண்ணக்கட்டி என்று நினைத்து வெள்ளைக்காரர்கள் ‘சாக் ஹில்ஸ்’ என்று பேர் வைத்துவிட்டார்கள், உண்மையில் அது மாக்னசைட். பிறகு தாமஸ் ஹாலண்ட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போன கல், சென்னைப் பரங்கிமலைக் கல்தான் என்று கண்டு அதற்குச் சார்னகைட் என்று பெயரிட்டவர். அதே ஹாலண்ட் 1901இல் நம் சிவன்மலையைப் பற்றி, முருகன் கோயில் இருக்கும் அதே மலையைப் பற்றி, ஒரு முழு அறிக்கை எழுதினார். குருந்தக்கல் கலந்த அபூர்வமான பாறை வகை அங்கே இருக்கிறது.

இப்படி எழுதி வைத்ததெல்லாம் எப்போது உதவும் என்று அன்று யாருக்கும் தெரியாது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் அனார்த்தொசைட் என்ற வெளிர்நிறப் பாறை கிடக்கிறது. ஏ. பி. சுப்ரமணியம் 1956இல் அதைப் பற்றி விரிவாக ஒரு கட்டுரை எழுதினார். ஏறக்குறைய 60 ஆண்டுகள் கழித்து இஸ்ரோவுக்குச் சந்திரனின் மேட்டு நிலத்து மண்ணைப் போல ஒன்று தேவைப்பட்டது, சந்திரயான்-2இன் இறங்கு கலத்தையும் ஊர்தியையும் சோதிக்க. சித்தம்பூண்டியிலும் பக்கத்துக் குன்னமலையிலும் கல் எடுத்து இடித்துப் பொடித்தார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தாரும் அந்த வேலையில் இருந்தார்கள். சந்திரனில் இருக்கும் கல் நாமக்கல்லிலும் இருக்கிறது என்பது ஏட்டில் இருந்ததால் தேடிப் போக முடிந்தது.

ஆனால் இவர்கள் எழுதியது கல்லின் பெயரையும் பிறப்பையும். சுரங்கம் வெட்டுகிறவனுக்கு அது மட்டும் போதாது. கையில் எடுத்த கருங்கல் துண்டைச் சம்மட்டியால் அடித்தாலும் லேசில் உடையாது. அதே கருங்கல் மலையாக நிற்கும்போது, உள்ளே பிளவுகள் ஓடி, பிளவுகளில் களிமண் வழுக்கி, மழைநீர் கசிந்து, ஒரு வேட்டுக்கு வீடு அளவு பாளம் சரிந்து விழும். கல் வேறு, பாறைத்திரள் வேறு. செங்கல் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் சாந்து உதிர்ந்தால் சுவர் நிற்காது என்பது கொத்தனாருக்குத் தெரியும். பாறைத்திரள் என்பது இயற்கை கட்டி, பாதி சாந்து உதிர்ந்த சுவர்.

கொங்கில் அந்தச் சுவர் ஏகத்துக்கும் கோணலானது. வடக்கே நீலகிரி, சேலம் பக்கத்துச் சார்னகைட். தெற்கே ஆனைமலைச் சார்னகைட். நடுவே பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காவிரி வரை, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பூமி கசக்கிப் பிழிந்த பாறைப் பட்டை. அதில் கல்லின் வரிகள் பல இடங்களில் சுவர் போல நிமிர்ந்து நிற்கின்றன. இந்த நிமிர்வை நினைவில் வையுங்கள், மறுபடி வருவேன்.

பாறைத்திரளைக் கணக்கெழுதும் பழக்கம் நம் நாட்டில் பிறந்த இடத்துக்குப் போக, இந்தப் பகுதியில் மட்டும் கொங்கு எல்லையைத் தாண்ட வேண்டியிருக்கிறது. கோலார் தங்கவயல். வட ஆற்காடு, சேலம், தர்மபுரி வட்டாரங்களிலிருந்து போன தமிழர்கள் வியர்வை சிந்திய ஊர், அதனால் முழுக்க வெளியூர் என்றும் சொல்லிவிட முடியாது.

மைக்கேல் லவெல் என்ற முன்னாள் ராணுவத்துக்காரர் 1873இல் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார். 1880இல் அது லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி கைக்கு வந்தது. சாம்பியன் ரீஃப் என்ற தங்க நாளம் சாய்வாகப் பூமிக்குள் இறங்கியது, அதன் பின்னாலேயே மனிதர்களும் இறங்கினார்கள். கடைசியில் 3.2 கிலோமீட்டர் ஆழம். அங்கே பாறையைத் தொட்டால் கை சுடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயிலேயே பாறை வெடிக்கத் தொடங்கியது. வேட்டு வைக்காமல், யாரும் தொடாமல், சுவர் தானாகவே வெடித்துக் கற்களை உள்ளே வீசியது. காற்று அடித்துத் தள்ளியதால் சுரங்கத்தார் அதற்கு ‘ஏர் பிளாஸ்ட்’ என்று பேர் வைத்தார்கள். காற்றுக்கு அதில் பங்கே இல்லை. மேலே இருக்கும் பாறையின் எடைதான் காரணம். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு சதுர சென்டிமீட்டர் மீது ஏறக்குறைய 270 கிலோ பாரம் ஏறுகிறது. 3,000 மீட்டரில் 800 கிலோ. தங்கம் எடுத்து வெறுமையாக்கிய அறையைச் சுற்றி அந்தப் பாரம் திரும்பி, இன்னும் பெருகும். வலிமையான கல் அதைத் தாங்கிக்கொண்டே இருக்கும். தாங்க முடியாமல் போகும் நொடியில் நெகிழாது, வெடிக்கும். மெத்தென்ற பாறைக்கு இந்தக் குணம் இல்லை. நல்ல கல்தான் ஆளைக் கொல்லும் என்பது கோலாரின் முதல் பாடம்.

மைசூர் அரசின் நிலவியலாளர் டபிள்யூ. எஃப். ஸ்மீத் 1904இல் இந்த வெடிப்புகளையும் அதிர்வுகளையும் பற்றித் தனி அறிக்கை ஒன்றை வெளியிட்டார். 1912இல் நிலநடுக்கம் பதியும் கருவி ஒன்று அங்கே வந்து உட்கார்ந்தது. அன்றிலிருந்து எந்த மணிக்கு எங்கே வெடித்தது, பக்கத்தில் எவ்வளவு தங்கப் பாறை எடுக்கப்பட்டிருந்தது, விடப்பட்ட தூண் எத்தனை அகலம், கருங்கல் நாளமோ பிளவோ எவ்வளவு தூரத்தில் என்று குறிப்புகள் சேர்ந்தன. ஒரு வெடிப்பு விபத்து. நூறு வெடிப்புகளைப் படத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் உருவம் தெரிகிறது. புள்ளிகள் சிதறிக் கிடக்கவில்லை. பிளவுகளின் ஓரத்திலும், குறுக்கே ஓடிய கருங்கல் நாளங்களின் ஓரத்திலும், தாங்கட்டும் என்று விட்டுவைத்த சிறு தூண்களிலும் குவிந்தன. தாங்க வைத்த தூணே வெடிமருந்துப் பெட்டியாக இருந்திருக்கிறது.

இந்தப் புள்ளிகள்தான் சுரங்கத்தின் உருவத்தை மாற்றின. 1955இல் பாறை வெடிப்புக்கென்று தனிக் குழு அமைந்தது. தங்கம் எடுத்த வெற்றிடத்தில் கருங்கல் அடுக்கி முட்டுக் கொடுக்கும் பழைய வழக்கம் போய்க் கான்கிரீட் நிரப்புவது வந்தது. எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கமாகத் தோண்டிப் போவது, எந்த இடத்தில் தூண் விடக்கூடாது என்ற வரிசைகளும் மாறின. 1978இல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துணையோடு பூமிக்கு மேலும் கீழும் உணர்கருவிகள் பதித்து, வெடித்த இடத்தை முப்பரிமாணத்தில் கண்டுபிடிக்கும் வலை வந்தது. 1988இல் தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனம் தங்கவயலிலேயே தொடங்கப்பட்டது. வேறெங்கும் அதற்குப் பொருத்தமான மண் இருந்திருக்க முடியாது.

ஒரு சின்ன விலகல். அந்தச் சுரங்கத்தின் ஆழத்தில்தான் 1965இல், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடம் பதிவானது. டாடா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானியரும் ஆங்கிலேயரும் சேர்ந்து செய்த வேலை. நியூட்ரினோ இந்தக் கதையில் இன்னொரு முறை, கொங்கின் வாசலிலேயே வரப்போகிறது.

கோலாரில் நடந்தது ஒரே சுரங்கத்தின் கணக்கு. உலகம் முழுக்க ஒரே மொழியில் பாறையைப் பேசுவதற்கு எண்கள் தேவைப்பட்டன. அமெரிக்காவில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்து டான் டீர் 1964இல் கண்டுபிடித்த வழி, நம்ம ஊர் தச்சன்கூடச் செய்யக்கூடியது. வைரப் பல் வைத்த குழாயால் பாறையைத் துளைத்தால் உள்ளே உருளையாகக் கல் வெளியே வரும். அதை மரப்பெட்டியில் வரிசையாக அடுக்குங்கள். ஒரு தடவைக்கு 150 சென்டிமீட்டர் துளைத்தீர்கள். வந்த துண்டுகள் 42, 31, 8, 6, 24, 17, 5, 3. பத்துக்குக் குறைந்தவற்றைத் தள்ளுங்கள். மிச்சம் 114. அதை 150ஆல் வகுத்தால் 76 சதவீதம். அதுதான் பாறைத் தர எண். துண்டு பெரிதாக வந்தால் பிளவு குறைவு. நொறுங்கி வந்தால் அதிகம்.

பிறகு தென்னாப்பிரிக்காவில் பீனியாவ்ஸ்கி 1973இல், கல்லின் வலிமை, டீரின் எண், பிளவுகளின் இடைவெளி, பிளவின் நிலை, நீர் போன்றவற்றுக்கு மதிப்பெண் போட்டு நூற்றுக்குக் கூட்டினார். மறு ஆண்டே நார்வேயில் பார்ட்டனும் கூட்டாளிகளும் 212 சுரங்கப் பாதைகளின் அனுபவத்தை வைத்து வேறொரு சூத்திரம் செய்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஸ்காண்டிநேவியப் பாறைகள். பனிநாட்டில் உருவான அந்த அளவுகோலைக் காங்கேயத்து வெயிலில் அப்படியே நீட்டலாமா என்ற கேள்வி எனக்கு எப்போதும் உண்டு. இந்திய நிலக்கரிச் சுரங்கக் கூரைகளுக்கென்று நம்மவர்கள் 1980களில் தனி மதிப்பீட்டு முறை செய்துகொண்டதும் அதே சந்தேகத்தால்தான்.

எண் வந்தாலே உண்மை வந்துவிடாது. பீனியாவ்ஸ்கியின் 1976 பதிப்பில் நீருக்கு 10 மதிப்பெண், 1989 பதிப்பில் 15. பிளவின் இடைவெளிக்கு முன்னது 30, பின்னது 20. ஒரே துளையைப் பழைய பதிப்பில் ஒருவரும் புதிய பதிப்பில் ஒருவரும் மதிப்பிட்டு, எந்தப் பதிப்பு என்று குறிக்காமல் இருவர் எண்ணையும் ஒரே பத்தியில் கோத்தால், இல்லாத ஒரு பாறை பிறந்துவிடும். அதன் மேல் சுரங்கச் சரிவை வரைவார்கள்.

இனி அந்த நிமிர்ந்த வரிகளுக்கு வருவோம்.

பிளவு சுவர் போலச் செங்குத்தாக நிற்கிறது. துளையும் செங்குத்தாக இறங்குகிறது. இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு கம்பியை நேராக இறக்கினால் அது எந்தச் சுவரையும் தொடாமல் அடிவரை போய்விடும். துளையிலிருந்து வந்த கல் உருளை முழுசாக, நீளமாக, அழகாக இருக்கும். டீரின் எண் 90ஐத் தாண்டும். ‘அருமையான பாறை’ என்று எழுதிவிடுவார்கள். ஆனால் பக்கத்திலேயே கையளவு இடைவெளியில் பிளவுகள் வரிசையாக நிற்கும். இந்த ஏமாற்றத்தைக் கணக்காக எழுதியவர் ரூத் டெர்சாகி, 1965இல். மண் இயந்திரவியலின் தந்தை எனப்படும் கார்ல் டெர்சாகியின் மனைவி, தானே நிலவியலாளர். துளைக்கும் பிளவுக்கும் இடையே கோணம் 30 டிகிரி என்றால் எண்ணியதை இரட்டிப்பாக்கு என்றார். கோணம் குறையக் குறையப் பெருக்கம் ஏறும். கடைசியில் எந்தப் பெருக்கமும் காப்பாற்றாத ஒரு குருட்டுப் பகுதி மிஞ்சும். அந்தக் குருட்டுப் பகுதியைப் பார்க்க வேண்டுமென்றால் துளையைத் திருப்பித்தான் போட வேண்டும்.

கொங்கு விவசாயி துளையைத் திருப்பிப் போட்டார். நேராக இறக்கிய போர் வறண்டு போன இடத்தில், பழைய கிணற்றுக்குள் மெஷினை இறக்கி, அடியில் நின்று சுவரைப் பார்த்துக் கிடையாகத் துளைக்கும் ‘சைடு போர்’ நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். செங்குத்துப் பிளவுகளைக் குறுக்கே வெட்டுவதற்கு அதைவிட நேரான வழி இல்லை. அவர் தேடியது நீர், டெர்சாகி தேடியது பாறையின் உறுதி. கேள்வி வேறு. பாறை இருவருக்கும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தது. சுரங்கத்துக்கு ஆய்வுத் துளை போடுகிறவர்கள் இன்றும் செலவை மிச்சம் பிடிக்க எல்லாத் துளையையும் நேராகவே இறக்குவதைக் கேள்விப்படும்போது, ஒரு முறை அவிநாசிப் பக்கம் வந்து கிணற்றை எட்டிப் பார்த்திருக்கலாமே என்று தோன்றும்.

துளை என்றால் திருச்செங்கோட்டைச் சொல்லாமல் தீராது. அங்கிருந்து கிளம்பும் ரிக் வண்டிகள் இந்தியாவின் மூலை முடுக்கெல்லாம் போர் போட்டுவிட்டு வருகின்றன. பல மாதம் ஊர் திரும்பாத அந்த வண்டிகளில் வேலை செய்த ஒருவரிடம், பாறை மாறுவது எப்படித் தெரியும் என்று கேட்டேன். “தூள் நெறத்துலயே தெரிஞ்சுருமுங்க. கருப்பா வந்துட்டே இருக்கும், திடீர்னு செவப்பு விழும். ஹேமர் சத்தமும் மாறிப்போகுமுங்க. அப்ப ராடு வெடுக்குனு எறங்குச்சுன்னா அங்க வெடிப்பு இருக்குதுன்னு அர்த்தம்.” எழுதி வைப்பீர்களா என்றேன். சிரித்தார். “ஆரு கேக்கறாங்க?”

அவர் சொன்னதில் பாறை ஆய்வு அறிக்கையின் பாதிப் பத்திகள் இருக்கின்றன. நிற மாற்றம், இறங்கும் வேகம், பிளவின் ஆழம். காற்றழுத்தத்தில் சுத்தி அடித்துத் துளைப்பதால் கல் தூளாகத்தான் வருகிறது. டீரின் பெட்டியில் அடுக்க உருளை கிடைக்காது. இருந்தாலும் ஒரு மாவட்டத்தில் போட்ட போர்களில் பத்தில் ஒன்றுக்காவது இந்த மூன்று விவரங்களும், இடத்தின் சரியான குறியும் இருந்திருந்தால், கொங்கின் பாறை உள்ளே எப்படி மடிந்து கிடக்கிறது என்பதற்கு இன்று இருப்பதைவிடப் பல மடங்கு தெளிவான படம் நம்மிடம் இருக்கும். நாட்டிலேயே மிக அதிகமாகப் பாறையைத் துளைத்த மக்களில் நாம் சேர்த்தி. துளைத்ததை எழுதியவர்களில் நம்மைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எழுதிய இடங்களும் உண்டு. பெரும்பாலும் மின்சாரமும் அணையும் கேட்ட இடங்கள். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தில் மலைகளைக் குடைந்து நீர் கொண்டுவந்த கதையைப் பொள்ளாச்சிக்காரர்கள் வீட்டுக் கதை போலச் சொல்வார்கள். அடுத்த தலைமுறையில் ஆனைமலையின் வயிற்றுக்குள்ளேயே மின்நிலையம் கட்டினார்கள். கடம்பாறையில் நூறு நூறு மெகாவாட்டாக நான்கு இயந்திரங்கள், 1980களின் பிற்பாதியில் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. இரவில் மிச்ச மின்சாரத்தில் மேல் ஆழியாறிலிருந்து நீரை மேலே ஏற்றி, தேவைப்படும் நேரத்தில் இறக்கும் ஏற்பாடு. மலைக்குள் அவ்வளவு பெரிய அறை வெட்டும்போது கூரை எப்படி நிற்கும் என்பது முதல் கேள்வி. அறையின் நீளத்தை எந்தத் திசையில் வைப்பது என்பது அதைவிட முக்கியமான கேள்வி. பிளவுகளுக்கு இணையாக வைத்தால் பாளம் பாளமாக உரியும், குறுக்கே வைத்தால் நிற்கும். இந்த முடிவைக் கல் வெட்டும் முன்பே எடுத்தாக வேண்டும்.

நீலகிரியில் சிங்காராவில் பைக்காரா இறுதிக்கட்ட மின்நிலையம் இதே போலச் சார்னகைட்டுக்குள் குடையப்பட்டு 2005இல் ஓடத் தொடங்கியது. 150 மெகாவாட். இந்திய நியூட்ரினோ ஆய்வகத்துக்கு இடம் தேடியவர்களின் கண் முதலில் விழுந்தது அதன் பக்கத்தில்தான். மின்வாரியம் சுரங்கம் வெட்டிய அனுபவத்தால் அந்த மலையின் உள்ளே என்ன இருக்கிறது என்பது ஓரளவு தெரிந்திருந்ததே பெரிய கவர்ச்சி. முதுமலைப் புலிகளுக்கும் யானைகளுக்கும் இடைஞ்சல் என்று 2009இல் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்துவிட்டது. திட்டம் தேனி மாவட்டம் பொட்டிப்புரத்துக்குப் போயிற்று, அங்கே வேறு எதிர்ப்புகள். அந்த மறுப்பு சரி என்பதே என் எண்ணம். ஆனாலும் கவனியுங்கள்: ஒரு மலையைப் பற்றிய ஏடுகள் அடுத்த திட்டத்தையே அந்த மலைக்கு இழுத்து வந்தன.

இனி சுரங்கங்களும் குவாரிகளும். மதுக்கரையில் சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல், சங்ககிரியில் அதே, சேலத்தில் வெள்ளைக்கல், திருப்பூர் கரூர்ப் பக்கமெல்லாம் ஜல்லிக்குக் கருங்கல். சேலத்து வெள்ளைக்கல்லின் குணம் தனி. கறுத்த பாறைக்குள் அது சிலந்தி வலை போலக் கிளை பிரிந்து ஓடும். ஒரு கிளை பருக்கும், அடுத்தது மறையும். வெள்ளையைத் தேடிப் போனால் வேண்டாத கறுப்பு மலை மலையாகச் சேரும், அதை எங்கே கொட்டுவது என்பதே ஒரு பொறியியல் கேள்வி. மதுக்கரையில் பிரச்சினை வேறு. சுண்ணாம்புப் பட்டைகள் சாய்ந்து கிடக்கின்றன. பட்டை சாயும் பக்கமும் குழியின் சுவர் சாயும் பக்கமும் ஒன்றானால், பலகையில் வைத்த புத்தகம் போல ஒரு அடுக்கின் மேல் இன்னொன்று வழுக்கும்.

சட்டம் இதற்கெல்லாம் ஒரு படிக்கட்டைச் சொல்கிறது. 1961ஆம் ஆண்டு உலோகச் சுரங்க விதிகளின்படி, மண்ணும் சரளையுமான இடத்தில் படியின் உயரம் 1.5 மீட்டரைத் தாண்டக் கூடாது, கெட்டிப் பாறையில் 6 மீட்டர், அகலம் உயரத்துக்குக் குறையக் கூடாது. தாண்ட வேண்டுமென்றால் தனி அனுமதி. எல்லாக் கெட்டிப் பாறைக்கும் ஒரே எண். எண்ணாவது இருக்கிறதே என்று ஒரு ஆறுதல், அதையும் காற்றில் விடும் குவாரிகள் எத்தனையோ. 2022 மே மாதம் திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளத்தில் சுமார் 300 அடி ஆழக் கல்குவாரியில் பாறை சரிந்து நால்வர் இறந்தார்கள். அந்த வாரம் கொங்கிலும் பல குவாரிகளில் சுவரை நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். பார்வைக்குப் பிளவு தெரியும், அது சுவருக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்பது தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ளத்தான் கணினிக்குள் ஒரு பாறையைக் கட்டுகிறார்கள். மலையைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பாறையின் பெயர், தர எண், பிளவுகளின் திசை, நீர் மட்டம் என்று நிரப்புவது. துளை போட்ட இடத்தில் எண் இருக்கிறது, இரண்டு துளைகளுக்கு நடுவே ஊகம். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் டேனி கிரீஜ் 1951இல் தொடங்கி வைத்த கணக்கு அந்த ஊகத்துக்கு ஒரு ஒழுங்கு கொடுத்தது. தங்கத்தின் அளவுக்கு அது நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் தங்கம் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அதே தங்கம். பிளவு அப்படியில்லை. கிழக்கே பார்த்தால் பிளவு, வடக்கே பார்த்தால் முழுப் பாறை. சராசரி போட்டால் இரண்டும் பொய்யாகிவிடும். இதனால்தான் வல்லுநர்கள் எண்ணோடு சேர்த்து, துளை எந்தத் திசையில் எந்தச் சாய்வில் போனது, யார் பார்த்து எழுதினார், எந்த அளவுகோலின் எந்தப் பதிப்பு, பெட்டியில் இருந்த கல்லின் படம் எங்கே என்று கேட்டுத் துளைக்கிறார்கள். பத்து வருஷம் கழித்துச் சுவர் விரிசல் விடும்போது, அன்றைக்கு எழுதியவரைத் தேடிப் போக முடியாது, எழுதியது மட்டும்தான் இருக்கும்.

2023 டிசம்பரில் மத்தியச் சுரங்க அமைச்சகம் தேசிய நிலவியல் தரவுக் களஞ்சியத்தைத் திறந்துவைத்தது. நிலவியல் ஆய்வு நிறுவனம் தலைமுறைகளாகச் சேர்த்த வரைபடங்களும் துளை விவரங்களும் அதில் ஏறி வருகின்றன. நல்ல காரியம். ஆனால் அதில் ஏறுவது ஏட்டில் ஏற்கெனவே இருந்தது.

ஏட்டில் இல்லாதது எங்கே இருக்கிறது என்று யோசித்தபோது எனக்குப் பட்ட ஒன்று. போர் போட்டு முடிந்ததும் ரிக்காரர் ஒரு பில் கொடுப்பார். கேசிங் பைப் எத்தனை அடி, மொத்தம் எத்தனை அடி, முந்நூறு அடி வரை ஒரு விலை, அதற்கு மேல் நூறு நூறாக ஏறும் விலை. கேசிங் எத்தனை அடி என்பது காசுக்காக எழுதியது. ஆனால் மேல்மண்ணும் இளகிய பாறையும் முடிந்து கெட்டிக் கல் தொடங்கும் ஆழம் ஏறக்குறைய அதுதான். பாறை ஆய்வாளர் எந்த அறிக்கையிலும் முதல் பத்தியில் எழுதும் எண். ஹீத்தின் 1,201 பவுன் போல இதுவும் காசுக் கணக்குதான், ஆனால் இது பாறையையும் கொஞ்சம் காப்பாற்றி வைத்திருக்கிறது. கொங்கில் தோட்டத்து வீடுகளில் அந்த பில்கள் பட்டாவோடும் மின்வாரிய ரசீதோடும் பீரோவில் மடித்துக் கிடக்கின்றன. எந்த இடத்தில் போட்ட போர் என்று மட்டும் பலவற்றில் எழுதியிருக்காது. கேட்டால் வீட்டுக்காரர் கை நீட்டிக் காட்டுவார்: “அந்தப் புளியமரத்துக்குத் தெக்கால, பத்தடி தள்ளீங்க.”